வெள்ளை நாய்க்குப் பெயர் வைப்பது எப்படி? ஓசை முதலில், நிறம் அப்புறம்

வெள்ளைக் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்ததும் வீட்டில் நடக்கும் முதல் சண்டை பெயரைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பாதிக்கு மேல் ஸ்நோயி, ஒயிட்டி, பனி, பால் என்று நிறத்தையே சுற்றிவரும். தப்பில்லை. ஆனால் அது வெள்ளை என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரிகிறது. பெயரை நாள் முழுக்கக் கேட்கப்போவது நாய். அதன் காதுக்குப் பிடிபடுகிற ஓசையை முதலில் முடிவு செய்துவிட்டால், நிறத்தை அதற்குள் கொண்டுவருவது சுலபம். முதல் முறையாக நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே வளர்த்தவர்கள் மூன்றாம் படிக்குத் தாவிவிடலாம். ஆனால் இரண்டாம் படியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.

படி 1: இந்த வெள்ளை நிலைக்குமா?

சில குட்டிகள் வெள்ளையாகப் பிறந்து வேறு நிறத்துக்குப் போய்விடும். டால்மேஷன் குட்டி புள்ளியே இல்லாமல்தான் பிறக்கும். இரண்டு மூன்று வாரத்தில் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் குட்டியும் பெரும்பாலும் வெள்ளைதான். வளர வளரச் சாம்பலோ சிவப்போ உடம்பில் ஏறிவிடும். கோட்டன் டி துலியர் இதற்கு நேர்மாறு. பிறக்கும்போது இருக்கிற நிறத்திட்டுகள் வளர வளர வெளுத்துப்போகும்.

சமோயெட், மால்டீஸ், வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர், ராஜபாளையம் என்று வெள்ளைக்கே பெயர்போன இனமாக இருந்தால் கவலையில்லை. என்ன இனம் என்று தெரியாத குட்டியா? குளிப்பாட்டும்போது நனைந்த மயிரைக் கவனியுங்கள். உலர்ந்திருக்கும்போது கண்ணுக்குப் படாத சின்னப் புள்ளிகள் அப்போது தெரியும். தோலில் மட்டும் கருந்திட்டு இருந்து மயிர் வெள்ளையாகவே நிற்பதும் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காதோரம் மஞ்சள் சாயல் இருந்தால், பெரிதானதும் உடம்பு கொஞ்சம் வெண்ணெய் நிறத்துக்குப் போகலாம். சந்தேகமாக இருந்தால் நிறப் பெயரையே விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

படி 2: காது கேட்கிறதா என்று பாருங்கள்

பெயர் வைக்கிற விஷயத்தில் இது எதற்கு என்று தோன்றும். வெள்ளை நாய்க்கு இது அவசியம். உட்காதில் ஒலியை வாங்கும் பகுதி உயிரோடு இருக்க நிறமிச் செல்கள் தேவை. உடம்பை வெள்ளையாக்கும் சில மரபணுக்கள் அந்தச் செல்களைக் காதுக்குள்ளும் வரவிடாமல் செய்துவிடும். அப்போது குட்டி பிறந்த சில வாரங்களில் ஒரு காதோ இரண்டு காதுமோ செவிடாகிவிடலாம். டால்மேஷன், புல் டெரியர், டோகோ அர்ஜென்டினோ ஆகிய இனங்களில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. மெர்ல் என்பது வெளிறிய உடம்பில் கருந்திட்டுகள் சிதறிக் கிடக்கும் நிறக்கோலம். அப்படி இரண்டு மெர்ல் நாய்களுக்குப் பிறந்து, பெரும்பகுதி வெள்ளையாக இருக்கும் குட்டிகளுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

எல்லா வெள்ளையும் ஒன்றல்ல. சமோயெட், மால்டீஸ் போன்றவற்றின் வெள்ளை, மஞ்சள் நிறம் மிகவும் வெளிறிப்போனதால் வருவது. அவற்றின் மூக்கும் கண்ணும் கருகருவென்று இருப்பதைப் பார்த்தாலே நிறமி உடம்பில் இருக்கிறது என்று புரியும். அங்கே செவிட்டுத்தன்மை அரிது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குட்டி தூங்கும்வரை காத்திருங்கள். பின்பக்கமாக, அதன் கண்ணில் படாத இடத்தில் நில்லுங்கள். தரையைத் தட்டக்கூடாது, கையை வீசிக் காற்றைக் கிளப்பவும் கூடாது. அதிர்வையும் காற்றையும் வைத்தே செவிட்டுக் குட்டி விழித்துக்கொள்ளும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள். சாவிக்கொத்தை ஒரு முறை குலுக்குங்கள். காது மடல் லேசாகத் துடித்தாலே போதும், அது கேட்டுவிட்டது. விழித்திருக்கும்போது இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை செய்து பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கிற குட்டி சத்தத்தைக் கேட்டு எழுந்துவிடும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் திரும்பும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பேயர் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. காதில் ஒலியைக் கொடுத்து மூளைத்தண்டின் மின்சைகையை அளப்பார்கள். ஐந்தாறு வாரக் குட்டிக்கே செய்யலாம். எங்கே செய்கிறார்கள் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

செவிடு என்று தெரிந்தாலும் பெயர் உண்டு. அது கைச்சைகையாக இருக்கும். கடைசியில் வருகிறேன்.

படி 3: கட்டளைகளை ஒரு தாளில் எழுதுங்கள்

பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் கட்டளைப் பட்டியல். உங்கள் வீட்டில் என்ன சொல்லிப் பழக்கப்போகிறீர்கள்? வா, நில், உட்கார், படு, விடு, வேண்டாம். அல்லது கம், ஸ்டே, சிட், டவுன், நோ. இரண்டும் கலந்தும் இருக்கலாம். வாயில் உண்மையில் எது வருமோ அதை எழுதுங்கள்.

2020-ல் ஹங்கேரியின் ஏட்வேஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டு நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தார்கள். பழகிய கட்டளையையும், முற்றிலும் மாறுபட்ட அர்த்தமில்லாத சொல்லையும் நாய் மூளை பிரித்துவிட்டது. ஆனால் ஒரே ஒரு ஒலி மட்டும் மாறிய சொல்லை, பழகிய கட்டளையிலிருந்து பிரிக்கவில்லை. பெயர் வைப்பதற்கு இதைவிடப் பயனுள்ள தகவல் எனக்குத் தெரிந்து இல்லை.

இதை வைத்து நம் வெள்ளைப் பெயர்களைப் பாருங்கள். நிலா அருமையான பெயர், ஆனால் "நில்லு" என்று கட்டளையிடும் வீட்டில் குழப்பம்தான். பட்டு என்று வைத்துவிட்டுப் "படு" என்று சொன்னால் நாய் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். முல்லைக்கு "இல்ல" பகை. ஸ்நோவுக்கு "நோ" பகை. கூப்பிடுகிறாரா திட்டுகிறாரா என்றே அதற்குத் தெரியாது. வெள்ளை என்பது பேச்சில் "வெள்ள" ஆகிவிடும். "வெளிய போலாமா" என்று நீங்கள் யாரிடம் கேட்டாலும் அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

பெயர் ரொம்பப் பிடித்துவிட்டதென்றால் கட்டளையை மாற்றிக்கொள்ளுங்கள். நிலாவுக்கு "ஸ்டே", பட்டுவுக்கு "டவுன்". தீர்ந்தது.

படி 4: இப்போது பெயர்களைத் தேடுங்கள்

பொருளிலிருந்து போகலாம்: முத்து, சங்கு, சோழி, பளிங்கு, உப்பு, பஞ்சு. பூவிலிருந்து: தும்பை, மல்லி, அல்லி. பறவையிலிருந்து கொக்கு, கால் நீண்டு ஒல்லியாக இருக்கிற வெள்ளை நாய்க்கு அப்படிப் பொருந்தும். வானத்திலிருந்து முகில், மேகம், நிலா. இவற்றில் சங்கு ஓசைக்கு நல்ல பெயர், ஆனால் "சங்கு ஊதிட்டாங்களா" என்று கேட்கும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். முத்து இன்னும் நல்ல பெயர். பக்கத்து வீட்டில் முத்து என்று யாரும் இல்லையா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

நிறத்தைவிடத் தொட்டால் எப்படி இருக்கிறது என்பதிலிருந்து பெயர் எடுப்பது எனக்குப் பிடிக்கும். 1960 ஆகஸ்டில் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பிய சோவியத் நாய் ஸ்ட்ரெல்காவின் குட்டி ஒன்று வெள்ளையாக, புசுபுசுவென்று இருந்தது. 1961-ல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் அதை அமெரிக்க அதிபர் கென்னடியின் குடும்பத்துக்குப் பரிசாக அனுப்பினார். அதன் பெயர் புஷின்கா, அதாவது புசுபுசுக்காரி. வெள்ளை என்ற சொல்லே அதில் இல்லை.

இன்னொரு வழி, வெள்ளையை விட்டுவிட்டு அதில் இருக்கிற கருப்பைப் பார்ப்பது. மூக்கு மிளகு மாதிரி இருந்தால் மிளகு. நெற்றியில் சின்னத் திட்டு இருந்தால் பொட்டு. வேண்டுமென்றே கருப்பன் என்று வைப்பவர்களும் இருக்கிறார்கள். சிரிப்பு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், ஆனால் பெயர் ஓசைக்கு உறுதியானது, நிற்கும். பளிங்கு என்று வைப்பவர்கள் மழைநாளில் சேற்றில் புரண்டு வருகிற பளிங்கையும் மனதில் கொள்ளவும்.

படி 5: கத்திப் பாருங்கள்

எழுதிப் பார்த்தால் அழகாக இருக்கும் பெயர் தூரத்திலிருந்து கூப்பிட்டால் செத்துப்போகும். தமிழில் நாம் கூப்பிடும்போது கடைசி உயிரை நீட்டுவோம்: முத்தூ, மல்லீ, சோழீ. நீட்ட முடிகிற பெயர்தான் தூரம் போகும். மேகம், வைரம், அன்னம் எல்லாம் "ம்" என்று வாயை மூடிக்கொண்டு முடிகின்றன. எவ்வளவு கத்தினாலும் கடைசியில் முனகலாகிவிடும். முகில் பரவாயில்லை, ஆனால் சுமார்தான்.

நடுவில் க்கு, த்து, ட்டு, ஞ்சு என்று ஓர் அழுத்தம் இருந்தால் மற்றப் பேச்சுக்கு நடுவில் பெயர் தனியாகத் தெரியும். இரண்டு அசை போதும். நீளமான பெயரை நாயால் கற்க முடியாது என்பதில்லை. சேசர் என்ற பார்டர் கோலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைக் கற்றது என்று 2011-ல் ஆய்வுக்கட்டுரையே வந்தது. நீளப் பெயரைச் சுருக்குவது நாம்தான். வெண்ணிலாவை ஒருவர் வெண்ணி என்பார், இன்னொருவர் நிலா என்பார், மூன்றாமவர் லாலா என்பார். நாய்க்கு மூன்று பெயர் ஆகிவிடும்.

மொட்டைமாடிக்கோ திறந்தவெளிக்கோ போய், பட்டியலில் மிஞ்சிய பெயர்களை ஒவ்வொன்றாக முழுக் குரலில் கூப்பிடுங்கள். கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். கூட வந்தவரைத் தள்ளி நிற்கச் சொல்லி, காதில் என்ன விழுந்தது என்று கேளுங்கள். "பனீ" என்று ஆசையாகக் கூப்பிட்டது அங்கே "பன்னீ" என்று கேட்டிருந்தால் அந்தப் பெயருக்கு ஒரு கோடு. எங்கள் தெருவிலும் ஒரு பனி இருந்தது. அந்த வீட்டுக்காரர் கூப்பிடும்போதெல்லாம் போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மிஞ்சிய இரண்டு மூன்றில் வீட்டார் எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என் வாக்கு பஞ்சுவுக்கும் சோழிக்கும்.

படி 6: பெயரைப் பழக்குங்கள்

அமைதியான அறை, கையில் சின்னச் சின்னத் தின்பண்டத் துண்டுகள். குட்டி வேறு எங்கோ பார்க்கும்போது பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த அந்த நொடியே ஒரு துண்டு. ஒரு நேரத்தில் ஏழெட்டு தடவை போதும், நாளுக்கு இரண்டு மூன்று நேரம். திரும்பவில்லை என்றால் "பஞ்சு பஞ்சு பஞ்சு" என்று அடுக்காதீர்கள். அது பெயரைப் பின்னணி இரைச்சலாக்கிவிடும். கொஞ்சம் கிட்டே போய் மறுபடி தொடங்குங்கள். நன்றாகத் திரும்பத் தொடங்கியதும் அடுத்த அறை, அப்புறம் தொலைக்காட்சி ஓடுகிற கூடம், அப்புறம் வெளியே.

திட்டும்போது பெயரைச் சொல்லக்கூடாது. பெயரைக் கேட்டால் நல்லது நடக்கும் என்ற கணக்கு அதன் மனதில் கலையக்கூடாது. இதை வீட்டில் உள்ளவர்களுக்குப் பழக்குவதுதான் நாய்க்குப் பழக்குவதைவிடக் கஷ்டம்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்திருந்தால் பழைய பெயரை மாற்றலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. புதுப் பெயரை முதலில் சொல்லி உடனே பழைய பெயரைச் சொல்லுங்கள், திரும்பினால் துண்டு. புதுப் பெயருக்கே திரும்ப ஆரம்பித்ததும் பழையதை விட்டுவிடலாம்.

காது கேட்காத குட்டிக்கும் முறை இதேதான், ஓசைக்குப் பதில் சைகை. விரித்த உள்ளங்கையை மடக்குவது போல, மற்றக் கட்டளைச் சைகைகளோடு குழம்பாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களைப் பார்க்கும்போது சைகை, உடனே துண்டு. பார்க்காதபோது கவனத்தைத் திருப்ப, தோளில் எப்போதும் ஒரே இடத்தில் மெதுவாகத் தொடுங்கள். இருட்டில் டார்ச்சை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். தூங்கும்போது திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும், அதனால் மூக்குக்கு முன்னால் துண்டை நீட்டி வாசனையால் எழுப்புங்கள். வீட்டார் சொல்வதற்கும் மருத்துவரின் பதிவேட்டுக்கும் ஒரு வாய்ப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மட்டும் மேகம், வைரம் எதுவானாலும் சரி.

தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் பொருத்தினால் அதில் பெயர் இருக்காது, 15 இலக்க எண் மட்டும்தான். பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் பதிவுத்தளத்தில் இருக்கும். பெயரை முடிவு செய்த அன்றே அங்கே போய் இரண்டையும் சரிபார்த்துவிடுங்கள்.