‘போர்ப் புகைப்படக்காரர்’ கவிதையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் கவிஞர் கரோல் ஆன் டஃபி எழுதிய ‘வார் போட்டோகிராஃபர்’ மொத்தமே 24 வரி. 1985-இல் தொகுப்பில் வந்தது. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிற கவிதை என்பதால் இதற்கு நோட்ஸ் ஏராளம். அந்த நோட்ஸிலிருந்து பரவிய தவறுகளும் ஏராளம்.

எல்லாரும் முதலில் எழுதுவது: “இது போரை எதிர்க்கும் கவிதை.” சரி, ஆதரிக்கிற கவிதை இல்லைதான். ஆனால் இதில் போர் எங்கே நடக்கிறது? படம் எடுத்தவர் ஊர் திரும்பிவிட்டார், ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடுகிற இருட்டறையில் தனியாக நிற்கிறார். யாருக்கும் யாருக்கும் சண்டை, யார் பக்கம் நியாயம் என்று ஒரு வார்த்தை கிடையாது. கவிதை போடுகிற கணக்கு வேறு. கறுப்பு வெள்ளையில் நூறு வேதனைகள். பத்திரிகை ஆசிரியர் அதில் பொறுக்கி எடுப்பது ஐந்தோ ஆறோ. அதற்கு வாசகர் ஒதுக்குவது ஞாயிற்றுக்கிழமைக் குளியலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீருக்கும் நடுவில் உள்ள கொஞ்ச நேரம். இந்தக் கழித்தலைக் கவனிக்காமல் ‘போர் கொடியது’ என்று முடித்துவிட்டால் கவிதையில் பாதி போய்விடும்.

அடுத்தது, இருட்டறையைப் பார்க்காமலே அதைப் பற்றி எழுதுவது. போனில் படம் எடுத்து வளர்ந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கவிதையில் வரும் ‘பாதி உருவான ஆவி’யைச் செத்தவனின் ஆவி என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். அங்கே நடப்பது இதுதான்: ஃபிலிம் வழியாக வெளிச்சம் பட்ட வெள்ளைத்தாளை டெவலப்பர் என்கிற வேதிக்கரைசல் தட்டில் அமிழ்த்தினால் முதல் சில விநாடிகள் ஒன்றும் தெரியாது. அப்புறம் கறுப்பான இடங்கள் முதலில் கசிந்து வரும். தலைமுடி, புருவம், திறந்த வாயின் உள்ளிருட்டு. தட்டை லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் திரவம் அலையும், அதற்கடியில் அந்த முகமும் நெளியும். முன்பின் தெரியாத ஒருவரின் முகம் கண்ணெதிரே முறுக்கிக்கொள்வதாக டஃபி எழுதுவது இதைத்தான். அந்த முகம் தெளியத் தெளியத்தான் அந்த மனிதனின் மனைவி அழுத சத்தம் அவருக்கு நினைவு வருகிறது. படம் எடுக்கட்டுமா என்று வாய்திறந்து கேட்காமல் கண்ணாலேயே அனுமதி கேட்டதும் அப்போதுதான் நினைவு வருகிறது.

சிவப்பு விளக்கும் அப்படித்தான். பிரிண்ட் போடும் தாளைச் சிவப்பு வெளிச்சம் பாதிக்காது, அதனால் அந்த விளக்கு. டஃபி கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். தேவாலயத்தில் திருவப்பம் வைக்கும் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் எரியும் சிவப்பு விளக்கு அவருக்குப் பழக்கமானது. படக்காரரைத் திருப்பலிக்குத் தயாராகும் குருவோடு ஒப்பிடுகிறார். ஆங்கிலத்தில் ‘மாஸ்’ என்று இருப்பதை நம் மொழிபெயர்ப்புகளில் ‘பிரார்த்தனை’ என்று போட்டால் சடங்கின் வாசனையே போய்விடும். ‘பூசை’ என்றே போடலாம், நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சொல்வதும் அதைத்தானே. தொடர்ந்து வரும் “எல்லா மாம்சமும் புல்” என்ற வாக்கியம் ஏசாயா 40:6. தமிழ் பைபிளில் “மாம்சமெல்லாம் புல்லைப்போலவும்” என்று இருக்கும். அந்தப் ‘போல’ கவிதையில் இல்லை, மாம்சம் புல்லேதான். பைபிள் வரியை அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தமிழில் கைவைத்தால் உடனே மாட்டிக்கொள்கிற இடம், தட்டுகளில் தளும்பும் ‘சொல்யூஷன்’. ஆங்கிலத்தில் அது கரைசலும் ஆகும், தீர்வும் ஆகும். தமிழில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். ‘தீர்வுகள் தளும்புகின்றன’ என்று எழுதினால் இருட்டறை காணாமல் போகும். நான் கரைசல் பக்கம். சிலேடை போனால் போகட்டும், தட்டாவது மிஞ்சும்.

‘மூன்று தூரத்து நகரங்கள்’ என்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. கவிதையில் வருவது பெல்ஃபாஸ்ட், பெய்ரூட் (லெபனான்), ப்னோம் பென் (கம்போடியா). ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி, காமிரா ஷட்டர் விழுகிற மாதிரி. ஆனால் பெல்ஃபாஸ்ட் பிரிட்டனுக்குள்ளேயே இருக்கிற ஊர். அந்த ஞாயிறு வாசகரின் சொந்த நாட்டுச் சண்டைதான் அங்கே நடந்தது. பட்டியலில் டஃபி அதை முதலில் வைத்த பிறகும் எல்லாவற்றையும் கிலோமீட்டரில் அளந்தால் எப்படி?

கவிதையில் கொடும் வெக்கையில் ஓடும் குழந்தைகளைப் படித்ததும், வியட்நாமில் நாபாம் என்கிற எரிகுண்டு விழுந்து குழந்தைகள் ஓடிவரும் புகைப்படம் நினைவு வருவது இயல்பு. 1972 ஜூன் 8 அன்று ட்ராங் பாங்கில் எடுத்த படம் அது. கவிதை வியட்நாம் என்று எங்கும் சொல்லவில்லை என்பது ஒன்று. அந்த நாபாமைப் போட்டது அமெரிக்க விமானம் என்று எழுதுவது இன்னொரு தவறு. போட்டது தென்வியட்நாம் விமானப்படை. சூடான் குழந்தையும் கழுகும் இருக்கும் படத்தை இந்தக் கவிதையோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவர்களும் உண்டு. அது வந்தது 1993-இல், கவிதைக்கு எட்டு வருஷம் கழித்து.

டான் மக்கலின், பிலிப் ஜோன்ஸ் கிரிஃபித்ஸ் போன்ற போர்ப் படக்காரர்கள் டஃபிக்கு நண்பர்கள். அதற்காகக் கவிதையில் வருகிறவர் மக்கலின்தான் என்று அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குப் பெயர் வைக்கவில்லை, விட்டுவிடுங்கள்.

அந்த வாசகரை ராட்சசனாக்குவதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிற தவறு. ‘மக்கள் கண்டுகொள்வதில்லை’ என்று எழுதுகிறோம். கவிதையில் அவர் கண்டுகொள்கிறார். அவர் கண்ணில் நீர் முள்ளாய்க் குத்துகிறது, அந்தக் கண்ணீர் பொய் என்று டஃபி சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கண்ணீரும் பீரும் எதுகையாக வந்து விழும், அவ்வளவு சுலபமாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். அழாதவனைத் திட்டுவது எளிது. இவர் அழுகிறார், குளித்துவிட்டு வந்து, பசிக்கு முன்னால். இதை வாசிக்கிற நமக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

படக்காரர் கல்நெஞ்சர் என்பது இதன் மறுபக்கம். கடைசியில் விமானத்திலிருந்து உணர்ச்சியில்லாமல் பார்க்கிறார் என்று வருகிறதே, அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் பத்திக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்: அங்கே, குண்டுகளுக்கு நடுவில் நடுங்காத கை இங்கே, வேதிக்கரைசல் தட்டுக்கு மேல் நடுங்குகிறது.

சரி, அந்த விமானத்திலிருந்து அவர் பார்ப்பது எதை? போர் நடக்கும் நாட்டை என்று சிலர், இங்கிலாந்தை என்று சிலர். பிழைப்பு நடக்கும் இடம் என்பதோடு டஃபி நிறுத்திக்கொள்கிறார். சம்பளம் தருவது இங்கிலாந்து, படம் தருவது அந்த நாடு. அக்கறையில்லாத ‘அவர்கள்’ யார் என்பதும் அதையே பொறுத்தது. தமிழில் ‘அந்நிய மண்’ என்றோ ‘தாய்நாடு’ என்றோ போட்டுவிட்டால் வாசகருக்குப் பதிலாக நாம் முடிவு செய்துவிட்டோம் என்று அர்த்தம். ‘பிழைக்கிற இடம்’ போதும்.