புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல்லுங்கள்: பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் முறை

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகவும், மாலை வகுப்பு நடத்துவோருக்காகவும் இதை எழுதுகிறேன். வேலூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கங்களில் நான் பார்த்தவரை, படிப்பில் அக்கறை இல்லாத பிள்ளைகள் குறைவு. எப்படிப் படிப்பது என்று தெரியாமல் திணறுகிறவர்களே அதிகம். தேர்வுப் பயத்தை நாம் தனி நோயாகக் கருதி அதற்குத் தனி மருந்து தேடுகிறோம். ஆனால் படித்தது மனத்தில் நிற்கிறதா இல்லையா என்று பிள்ளைக்கே தெரியாத நிலையிலிருந்துதான் அந்தப் பயத்தின் பெரும்பகுதி வருகிறது. ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது படிக்கும் முறையைத்தான்.

ஓம் விதியை மூன்று முறை படித்துவிட்டு, "எல்லாம் தெரியும் சார்" என்று சொல்லும் மாணவியிடம் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் எழுதச் சொல்லிப் பாருங்கள். மின்னோட்டம், மின்னழுத்த வேறுபாடு, நேர்த்தகவு எல்லாம் தாளில் வந்துவிடும்; "மாறாத வெப்பநிலையில்" என்ற தொடக்கம் மட்டும் விடுபட்டிருக்கும். புத்தகம் திறந்திருந்தவரை அந்தச் சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால், அது தனக்குத் தெரியும் என்றே அவள் நம்பியிருப்பாள். இப்போது புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்பு மையில் அவளே எழுதிச் சேர்க்க வேண்டும். அந்தச் சிவப்பு எழுத்துகள்தான் அவள் அடுத்து படிக்க வேண்டிய பாடம்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பின் வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

எழுதிப் பார்ப்பதையும் ஒரே நாளில் முடித்துவிடக் கூடாது. கற்றது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானியரான எப்பிங்ஹாஸ் 1885லேயே தம்மீது சோதனை செய்து பதிவுசெய்தார். அன்று நடத்திய பாடத்தை அன்றிரவே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை என்று பாராமல் எழுதிப் பார்க்க வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பாடத்தின் பெயரையும் இந்த நான்கு தேதிகளையும் குறித்து வைத்தால், "இன்று எதைப் படிப்பது" என்று தினமும் குழம்ப வேண்டியிருக்காது. தமிழ் மனப்பாடச் செய்யுளுக்கும் இதே முறை பொருந்தும்.

நம் பகுதி வீடுகளின் நிலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே அறையில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பார், பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும், தொலைக்காட்சியும் அங்கேயே இருக்கும். தனி அறை கொடுக்க முடியாத பெற்றோர், மாலை ஆறரை முதல் எட்டரை வரை தொலைக்காட்சியை நிறுத்தி வைத்து, அலைபேசியை வேறொருவர் கையில் கொடுத்தாலே பெரிய உதவி. தினமும் அதே நேரம், அதே இடம் என்று ஆகிவிட்டால், உட்கார்ந்தவுடன் படிக்கும் மனநிலை தானாக வரும். மார்ச் பிறந்துவிட்டால் சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் பிற்பகலில் உட்காரவே முடியாது. அந்த நேரத்தில் கடினமான பாடத்தைத் திணிக்காமல், கணக்கையும் இயற்பியலையும் காலைக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்புகிற வீட்டில், இரவு ஒன்பதரைக்குள் விளக்கை அணைத்தாக வேண்டும். படித்தது நினைவில் பதிவதற்குத் தூக்கம் வேண்டும். பதினொரு மணி வரை விழிக்க வைத்துவிட்டு நான்கு மணிக்கும் எழுப்புவது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

தேர்வு அறையை முன்கூட்டியே பழக்குவது அடுத்த வேலை. ஜனவரியிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்து, வழக்கமாகத் தேர்வு நடக்கும் அதே காலை நேரத்தில், மூன்று மணி நேரமும் எழுந்திருக்காமல் எழுதச் செய்யுங்கள். வினாத்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிடத்தையும் சேர்த்தே பழக்குங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் பதினான்கு இரண்டு மதிப்பெண் வினாக்களில் பத்தை எழுதினால் போதும் என்பதும், அதில் ஒன்று கட்டாய வினா என்பதும் பல பிள்ளைகளுக்குக் காதால் கேட்ட செய்தியாகவே இருக்கும். எந்தப் பத்தை எடுப்பது என்று அந்தப் பத்து நிமிடத்தில் குறித்துப் பழகினால்தான் அது கைக்கு வரும்.

அப்படியும் அறைக்குள் கை நடுங்கினால், நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடச் சொல்லுங்கள். மூச்சு நீண்டு வெளியேறும்போது இதயத் துடிப்பு தணியும். இதையும் ஞாயிற்றுக்கிழமைத் தேர்விலேயே பழக்க வேண்டும்.

தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் ஒரு மார்க் விடைகளைச் சரிபார்க்காதீர்கள். சோறு போட்டுத் தூங்க வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பேச்சில் இழுக்கவே வேண்டாம். ஒரு பாடம் போய்விட்டால் அந்த ஆண்டிலேயே துணைத்தேர்வு உண்டு என்பதை, முடிவு வருவதற்கு முன்பே பிள்ளை உங்கள் வாயால் கேட்டிருக்க வேண்டும்.

சில நாட்களாகத் தூக்கமில்லை, சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை, "இருந்து என்ன பயன்" என்ற சொல் வருகிறது என்றால் அது படிப்புப் பிரச்சினை அல்ல. பிள்ளையைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் 14416 எண்ணிலும், 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பாகாயத்தில் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) நடத்தும் மனநல மையமும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஊரார் என்ன சொல்வார்களோ என்று தயங்கி, தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.