1963-இன் ஒரு சனிக்கிழமையை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி

ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், இங்கிலாந்தின் லெஸ்டரில் உள்ள என் வீட்டில் பழைய பிபிசி மாலை ஒன்றை முழுதாகப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வருவார். அந்த மாலைகளைச் சிறுவனாக இருந்து பார்த்தவர் அவர். நான் தேர்ந்தெடுக்கும் நாள் 1963 நவம்பர் 23.

முதல் வேலை, அன்றைய நிகழ்ச்சிப் பட்டியலைத் தேடி எடுப்பது. பிபிசி ஜீனோம் இணையதளத்தில் 1923 முதல் 2009 வரையிலான ரேடியோ டைம்ஸ் என்ற பிபிசி நிகழ்ச்சி இதழின் பட்டியல்கள் இருக்கின்றன. நேரங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஐடிவி என்ற தனியார் சேனலின் நிகழ்ச்சிகள் அதில் கிடைக்காது. அவற்றுக்கு டிவி டைம்ஸ் என்று தனி இதழ் இருந்தது. அன்று இருந்தவை இந்த இரண்டு சேனல்கள்தான். பிபிசி 2 வந்தது 1964 ஏப்ரலில்.

டிவியில் நிறத்தை முழுதாகக் குறைத்துவிடுங்கள். படத்தைத் திரை முழுக்க இழுக்காதீர்கள். இரு பக்கமும் கறுப்பாகவே இருக்கட்டும். திரைச்சீலையை மூடி, ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு போதும். போன்கள் எல்லாம் சமையலறை டிராயருக்குள்.

இனிதான் முக்கியமான விஷயம். முதல் ஆண்டு நான் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, இடைவெளி இல்லாமல் ஓடவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. "இன்னும் இருட்டவே இல்லையே, அதற்குள் முடிந்துவிட்டதா?" என்றார் பெரியவர். முகம் வாடிப்போயிருந்தது. அதிலிருந்து கடிகாரத்தைத்தான் பின்பற்றுகிறோம். 5.15-க்கு வரவேண்டியது 5.15-க்குத்தான் வரும். நடுவில் நிறுத்தக் கூடாது, பின்னால் ஓட்டக் கூடாது. பார்க்காமல் விட்டது விட்டதுதான். அன்றைய வீடுகளில் எல்லோரும் ஒரே அறையில் கூடியதற்குக் காரணமே அதுதானே.

மாலை 5 மணிக்குச் சற்று முன்னால் கிராண்ட்ஸ்டாண்ட் என்ற விளையாட்டு நிகழ்ச்சியின் கால்பந்து முடிவுகள். டெலிபிரிண்டர் என்ற தந்தி அச்சு இயந்திரம் முடிவுகளை ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டே போகும். அப்புறம் லென் மார்ட்டின் வாசிப்பார். அவர் குரலைக் கவனியுங்கள். இரண்டாவது அணியின் பெயரை அவர் சொல்லும் ஏற்ற இறக்கத்திலேயே, எண் வருவதற்கு முன்னால், வெற்றியா தோல்வியா சமநிலையா என்று தெரிந்துவிடும். பூல்ஸ் என்ற கால்பந்துப் பந்தயச் சீட்டு நிரப்பிய அப்பாக்களுக்கு சமநிலை ஆட்டங்கள்தான் அதிகப் புள்ளி தரும். பெரியவரின் வீட்டில் அந்தப் பத்து நிமிடம் யாரும் ஸ்பூனைக்கூடக் கீழே வைக்க மாட்டார்களாம். நாங்களும் எட்டு ஆட்டங்களைக் குறித்துக்கொண்டு உட்காருவோம். தேநீர், வெண்ணெய் தடவிய கிரம்பெட் ரொட்டி, டின் சால்மன் சாண்ட்விச், எல்லாம் மடியிலேயே.

5.15-க்கு டாக்டர் ஹூ என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் முதல் பகுதி. டிவிடியில் கிடைக்கிறது. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள் அது. ஒன்றரை நிமிடம் போலத் தாமதமாகத் தொடங்கியது. மின்தடையால் பல வீடுகளில் பார்க்க முடியாமல் போனதால், அடுத்த சனிக்கிழமை இரண்டாம் பகுதிக்கு முன் இதையே மறுபடி போட்டார்கள். இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். அவருக்கு அப்போது 24 வயது என்பது எனக்கு இன்றும் வியப்பு. டீலியா டெர்பிஷயர் நாடாக்களை வெட்டி ஒட்டி உருவாக்கிய தொடக்க இசைக்காக ஒலியைக் கூட்டுங்கள்.

அந்தக் காலச் சனி மாலைகளின் இன்னொரு அடையாளம் ஜூக் பாக்ஸ் ஜூரி, புதுப் பாடல்கள் வெற்றி பெறுமா என்று நடுவர்கள் சொல்லும் நிகழ்ச்சி. அதன் பதிவுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 1963 டிசம்பர் 7-இல் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் நால்வரும் நடுவர்களாக இருந்த பகுதியின் படமும் இல்லை. அதனால் நாங்களே ஜூரி. அந்த ஆண்டின் ஐந்து பாடல்களைப் போட்டு, ஓடும் என்று பட்டால் மணி அடிக்கிறோம், ஓடாது என்றால் ஹாரன். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

இரவில் 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்' என்ற நையாண்டி நிகழ்ச்சி. அன்று மட்டும் கேலியே இல்லாமல், கென்னடிக்கு அஞ்சலியாக சுமார் இருபது நிமிடமே நடந்தது. அதன்போது சாப்பிட எதுவும் வைக்காதீர்கள்.

கடைசியாக தேசிய கீதம், பிறகு அணைப்பு. பழைய பெட்டியை அணைத்தால் வெளிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி மெல்ல மறையும். இன்றைய டிவியில் அந்தப் புள்ளி வராது. ஆனாலும் பெரியவர் கொஞ்ச நேரம் திரையின் நடுவையே பார்த்துக்கொண்டிருப்பார். அதுவரை பெரிய விளக்கைப் போடாதீர்கள்.