உடலில் தங்கிவிட்ட ஹெபடைடிஸ் பி: பரிசோதனை, மாத்திரை, அன்றாட வாழ்க்கை

ரத்ததானம் செய்யப் போன இடத்திலோ, கர்ப்பகாலப் பரிசோதனையிலோ, அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனையிலோதான் பலருக்கும் இந்தச் செய்தி முதலில் தெரியவருகிறது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு நாளில், ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ என்று அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது, அதாவது தொற்று இருக்கிறது என்று அதற்குப் பொருள். அதைப் பார்த்த மருத்துவர், வைரஸ் சும்மா தங்கியிருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சொல்லை நம்பி நான்கு ஆண்டுகள் எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளாமல் இருந்தேன். அதற்குள் கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்று ஒரு மருத்துவர் சொல்வதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். கண்காணிப்பே வேண்டாம் என்று சொல்வதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டியது, இது புதிதாக வந்த தொற்றா, நாள்பட்டதா என்பது. ஆறு மாதம் கழித்தும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவாகவே இருந்தால் அது நாள்பட்ட தொற்று. வயது வந்தபின் இந்த வைரஸ் தொற்றுபவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அதைத் தாங்களாகவே வென்றுவிடுகிறார்கள். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினருக்கு அது நிலைத்துவிடுகிறது. ஆகவே நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோர் அதைப் பிறப்பிலோ சிறு வயதிலோ பெற்றவர்கள். அறிக்கை வந்த அன்றே கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் சந்தேகிக்கும் வீடுகளை நான் அறிவேன். அந்தச் சண்டைக்குப் பெரும்பாலும் அடிப்படையே இல்லை.

அடுத்து, கல்லீரல் மருத்துவரிடமோ இரைப்பை குடல் மருத்துவரிடமோ சென்று முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.பி.வி. டி.என்.ஏ. எனப்படும் வைரஸ் அளவு, எச்.பி.இ.ஏ.ஜி. (வைரஸ் பெருகுவதைக் காட்டும் புரதம்), கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வயிற்று அல்ட்ராசவுண்ட் ஆகியவை தேவை. இவற்றோடு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, ஹெபடைடிஸ் டி ஆகிய மூன்றையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஹெபடைடிஸ் டி வைரஸ், பி இருக்கும் உடலில் மட்டுமே வாழக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் வெகு வேகமாகக் கெடும். எச்.ஐ.வி. பரிசோதனை எதற்கு என்றால், எச்.ஐ.வி.யும் உள்ளவருக்கு ஹெபடைடிஸ் பி-க்குத் தரும் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் எச்.ஐ.வி. அந்த மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றுவிடும்.

அறிக்கையைப் படிப்பதில் இரண்டு இடங்களில் ஏமாந்துவிடக்கூடும். ஒன்று, ஏ.எல்.டி. என்றும் எஸ்.ஜி.பி.டி. என்றும் எழுதப்படும், கல்லீரல் செல்கள் பாதிக்கப்படும்போது ரத்தத்தில் கூடும் நொதியின் அளவு. பல ஆய்வகங்கள் 40 வரை, சில 50-க்கும் மேல் கூட ‘இயல்பு’ என்று அச்சிடுகின்றன; உலக சுகாதார நிறுவனம் ஹெபடைடிஸ் பி-க்கு எடுத்துக்கொள்ளும் மேல்வரம்பு ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 மட்டுமே. ஒரு பெண்ணின் அறிக்கையில் 36 என்று இருந்து, பக்கத்தில் எந்த நட்சத்திரக் குறியும் இல்லாமல் போனால், அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். உண்மையில் அவருடைய அளவு வரம்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. மற்றொன்று, வைரஸ் அளவின் அலகு. சில ஆய்வகங்கள் ஐ.யூ. (பன்னாட்டு அலகு) அலகிலும் சில ‘காப்பீஸ்’ (வைரஸ் பிரதிகள்) என்ற கணக்கிலும் தருகின்றன. ஒரு ஐ.யூ. ஏறத்தாழ ஐந்து காப்பீஸ் ஆகும் என்பதால், அலகைப் பார்க்காமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டால் வைரஸ் பெருகிவிட்டதாகவோ குறைந்துவிட்டதாகவோ தவறாக எண்ணிக்கொள்வோம்.

கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்பதை ஃபைப்ரோஸ்கேன் கருவி காட்டும். குறைந்தது மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடுதலாகக் காட்டும். அந்தக் கருவி எட்டாத இடத்தில் ‘ஏப்ரி’ என்ற கணக்கு உதவும், அதை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஏ.எஸ்.டி. (எஸ்.ஜி.ஓ.டி.) அளவை ஆய்வகத்தின் மேல்வரம்பால் வகுத்து, வந்த விடையை ஆயிரக் கணக்கிலான தட்டணு எண்ணிக்கையால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். ஏ.எஸ்.டி. 48, மேல்வரம்பு 40, தட்டணுக்கள் 1,60,000 என்று வைத்துக்கொள்வோம். 48-ஐ 40-ஆல் வகுத்தால் 1.2, அதை 160-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 0.75. இது 0.5-ஐத் தாண்டியிருப்பதால் கவனிக்கத்தக்க தழும்பு இருக்கக்கூடும். 1-ஐத் தாண்டினால் கல்லீரல் சுருக்கம் (தழும்பு முற்றிய நிலை, சிரோசிஸ்) இருக்கிறதா என்று தீவிரமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஏ.எல்.டி., வைரஸ் அளவு, தட்டணுக்கள், ஸ்கேன் என்று ஐந்து கட்டங்கள் போதும். இந்த நோய் வலியாகவோ காய்ச்சலாகவோ வந்து எச்சரிப்பதில்லை. அது பேசுவது அந்த எண்களின் வழியாகத்தான், அதுவும் ஒரே ஒரு அறிக்கையில் முழுதாகப் பேசாது. என் நோட்டில் ஏ.எல்.டி. 28, 34, 61 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்ததைப் பார்த்த நிமிடத்தில்தான் புதிய மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சிகிச்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மருந்து தொடங்காதவர்களும் குறைந்தது ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை இந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டும்.

யாருக்கு மருந்து? 2024 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் முன்பைவிட அதிகம் பேருக்குச் சிகிச்சையை அனுமதிக்கிறது. கல்லீரல் சுருக்கமோ கவனிக்கத்தக்க தழும்போ இருப்பவர்களுக்கு, வைரஸ் அளவு எதுவாக இருந்தாலும் மருந்து உண்டு. வைரஸ் மில்லிலிட்டருக்கு 2,000 ஐ.யூ.வுக்கு மேலும், ஏ.எல்.டி. நான் மேலே சொன்ன வரம்புக்கு மேலும் இருந்தால் அவர்களுக்கும் உண்டு. குடும்பத்தில் யாருக்கேனும் கல்லீரல் புற்றுநோயோ சுருக்கமோ இருந்தவர்கள், சர்க்கரை நோய் அல்லது கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள், எச்.ஐ.வி. அல்லது வேறு ஹெபடைடிஸ் வைரஸ் சேர்ந்திருப்பவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோரும் இதில் சேர்வார்கள். உங்கள் மருத்துவர் பழைய வரம்பையே சொன்னால், இந்த வழிகாட்டுதலைப் பற்றிப் பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

முதல் வரிசை மாத்திரைகள் இரண்டு: டெனோஃபோவிர், என்டெகாவிர். டெனோஃபோவிரில் 300 மில்லிகிராம் பழைய வடிவமும், சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் பாதிப்புக் குறைவான 25 மில்லிகிராம் புதிய வடிவமும் உண்டு. புதியதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். என்டெகாவிரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பும், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். முன்பு லாமிவுடின் என்ற பழைய மாத்திரை எடுத்தவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்கு எதிர்ப்புப் பெற்ற வைரஸ் என்டெகாவிருக்கும் எளிதில் அடங்காது. வாரம் ஒருமுறை ஊசியாக, 48 வாரங்களுக்குத் தரப்படும் பெக்-இன்டர்ஃபெரான் சிலருக்கே பொருந்தும்.

இந்த மாத்திரைகள் வைரஸ் தன்னைப் பிரதி எடுப்பதைத் தடுக்கின்றன. கல்லீரல் செல்லின் உட்கருவில் வைரஸ் பதுக்கி வைத்திருக்கும் மூல வடிவத்தை அவை தொடுவதில்லை. அதனால்தான் வைரஸ் அளவு ‘கண்டறிய இயலவில்லை’ என்று வந்தபின்னும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ வைரஸ் மீண்டும் எழுந்து, கடுமையான அழற்சியை உண்டாக்கக்கூடும். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. நான் இரவு பல் துலக்கியதும் மாத்திரை போடுகிறேன். டப்பா பிரஷ் வைக்கும் குவளைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பத்து மாத்திரை மீதமிருக்கும்போதே அடுத்த டப்பா வாங்கிவிடுவேன்.

மருந்து எடுத்தாலும் கல்லீரல் புற்றுநோய்க் கண்காணிப்பு தொடர வேண்டும். ஹெபடைடிஸ் பி-யில் கல்லீரல் சுருக்கம் இல்லாமலேயே புற்றுநோய் வரக்கூடும். சுருக்கம் உள்ளவர்களும், குடும்பத்தில் அந்தப் புற்றுநோய் இருந்தவர்களும், நடுத்தர வயதைக் கடந்தவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்துகொள்ள வேண்டும். மது அறவே வேண்டாம். பூஞ்சை பிடித்த தானியமும் கொட்டைகளும் வேண்டாம், அவற்றிலுள்ள அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இந்த வைரஸோடு சேர்ந்து புற்றுநோய் அபாயத்தைப் பல மடங்காக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மூலிகைப் பொடிகளை, யார் எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் வாங்காதீர்கள். புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ வேறு மருத்துவர் ஸ்டீராய்டு, கீமோதெரபி, ரிட்டுக்சிமாப் போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைத் தொடங்குமுன் உங்கள் தொற்றைச் சொல்லியே ஆக வேண்டும். அடங்கிக் கிடந்த வைரஸ் அப்போதுதான் மூர்க்கமாக எழும். கண் மஞ்சளித்தல், வயிறு வீங்குதல், ரத்த வாந்தி, கறுத்த மலம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டி அணைப்பதாலோ, இருமலாலோ இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவற்றின் வழியாகப் பரவும். காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும் என்பதால், பல் துலக்கும் பிரஷ், சவரக்கத்தி, நகவெட்டி ஆகியவற்றைப் பகிரக் கூடாது. வீட்டார் அனைவரும் பரிசோதித்து, தொற்று இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வாழ்க்கைத் துணையின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தின் அளவு (ஆன்டி-எச்.பி.எஸ்.) மில்லிலிட்டருக்கு 10 மில்லி ஐ.யூ.வுக்கு மேல் வந்துவிட்டதென்று உறுதியாகும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

என் அறிக்கைக்குப் பிறகு அம்மாவையும் தங்கையையும் பரிசோதிக்க வைத்தேன், இருவருக்கும் இருந்தது. தங்கை கருவுற்றபோது வைரஸ் அளவு 2,00,000 ஐ.யூ.வைத் தாண்டியிருந்ததால், கர்ப்பத்தின் பின்பகுதியில் டெனோஃபோவிர் கொடுத்தார்கள். குழந்தை பிறந்த சில மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள். அவள் தாய்ப்பாலும் கொடுத்தாள். பத்தாம் மாதத்தில் குழந்தைக்கு எடுத்த ரத்தத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், எதிர்ப்பாற்றல் போதுமான அளவு. அந்தத் தாளின் நகலையும் என் நோட்டில்தான் ஒட்டி வைத்திருக்கிறேன்.