சிங்கப்பூரில் வீடு பார்க்கும்போதும் பழகும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படும் பிள்ளைகள், அங்கே நெடுங்காலம் குடியிருந்து ஊர் திரும்பியவன் என்பதால், என்னிடம் யோசனை கேட்க வருவதுண்டு. சம்பளம், வருமான வரி, மருத்துவக் காப்பீடு என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பவர்கள், தங்குமிடம் என்று பேச்சு வந்ததும், "அதெல்லாம் நம்ம ஊரு அண்ணன் ஒருத்தரு பாத்து வச்சிருக்காரு" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். என் தலைமுறையினர் கையைச் சுட்டுக்கொண்ட அதே இடத்துக்குத்தான் இவர்களும் போகிறார்கள். கடவுச்சீட்டு நகல், இட்லிப்பொடி போன்ற பயண அறிவுரைகளை விமான நிலையம் வரை வரும் உறவினர்கள் சொல்லிவிடுவார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை.

ஒப்பந்தத்தில் பெயர் இல்லாமல் குடியிருப்பது

மற்றத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டால் மட்டும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நடைமுறை இதுதான். ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு ஒன்றைத் தம் பெயரில் வாடகைக்கு எடுக்கிறார். வாடகையை ஈடுகட்ட, ஊரிலிருந்து வரும் பையன்களை அறைக்கு இருவராகச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொள்கிறார். வீட்டு உரிமையாளருக்கு இந்தப் பையன்களின் முகமே தெரியாது.

கழகத்தின் விதிப்படி, குடியிருப்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் உரிமையாளர் பதிவு செய்தாக வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது. உறவினரல்லாதார் எத்தனை பேர் தங்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. மூவறை வீட்டில் அது 6 பேர். ஆகவே பெயர் பதியப்படாமல் அந்த அறையில் படுத்திருக்கும் பையன் ஒழுங்காக வாடகை கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் குடியிருப்பவனே அல்லன். வேலை அனுமதிச்சீட்டில் வந்திருப்பவனுக்கு இது சிறிய விஷயமில்லை, ஏனென்றால் அவன் தங்கும் முகவரி மனிதவள அமைச்சின் பதிவேட்டிலும் சரியாக இருந்தாக வேண்டும்.

பள்ளத்தூருக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு பையனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பேட்டையில் இப்படித்தான் சேர்ந்தான். முன்பணம் கொடுத்ததற்கு அவனிடம் இருந்த ஒரே அத்தாட்சி, "வந்துருச்சு தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்ற வாட்ஸப் செய்தி. சில மாதங்களில் அந்த அண்ணனுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்தது. அவர் உரிமையாளரிடம் கணக்கை முடித்து, தம்முடைய முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். மாதக் கடைசியில் உரிமையாளர் சாவியோடு வந்து கதவைத் திறந்தபோது, சமையலறையில் மூன்று பையன்கள் ரசம் தாளித்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரவே பெட்டிகளைக் கட்ட வேண்டியதாயிற்று.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. அதை அவனால் கேட்க முடியவில்லை என்பதுதான் கொடுமை. அண்ணனின் தாயாரும் இவன் தாயாரும் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். வரும் தை மாதம் அந்த வீட்டில் கலியாணம். "காசுக்காக மொகத்தை முறிச்சுக்கிட வேணாம்ப்பா" என்று தாயார் சொல்லிவிட்டார். பெயரும் கையெழுத்தும் இல்லாத வாடகையில் நட்டத்தைத் தாங்குபவர் எப்போதும் இளையவர்தான்.

ஊர்க்காரரை நம்பித் தங்கும் பழக்கம் நம் பக்கத்துக்குப் புதிதில்லை என்பதை அறிவேன். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் தொழிலிடமும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கிகளில் ஒன்றாகத்தான் இருந்தார்கள். கீழே வரிசையாகப் பெட்டியும் சாய்வு மேசையும், படுக்கை மாடியில், சாப்பாடு பொதுச் சமையலில். பெரியவர்கள் இதைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டு "ஊராளோட இரு" என்று சொல்லியனுப்புகிறார்கள். ஆனால் அந்தக் கிட்டங்கியில் ஊராள் என்பதற்காக யாரும் கணக்கு எழுதாமல் விட்டதில்லை. சம்பளமும் தவணையும் புறப்படுமுன்பே எழுத்தில் இருந்தன. பற்றும் வரவும் அன்றன்றைக்கே பேரேட்டில் ஏறின. அந்தக் கண்டிப்பை விட்டுவிட்டு ஒன்றாகப் படுப்பதை மட்டும் பின்பற்றுவது என்ன வழக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

செய்ய வேண்டியது எளிது. உரிமையாளரை நேரில் பாருங்கள்; ஒப்பந்தத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்; உங்கள் பெயர் பதிவாகிவிட்டதா என்பதைச் சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கு வழியாகக் கழகத்தின் இணையச் சேவையில் நீங்களே பாருங்கள். "என்ன தம்பி, எம்மேல நம்பிக்கையில்லையா?" என்று அண்ணன் கேட்டால், வேறு வீடு பாருங்கள்.

வேலையிடம் தெரியாமல் பேட்டையைத் தேர்ந்தெடுப்பது

தேக்கா சந்தையும் கோயிலும் காப்பிக்கடையும் காலடியில் இருக்கும் என்று சிராங்கூன் சாலைப் பக்கம் அறை எடுத்துவிட்டு, தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸில் வேலைக்குப் போகும் பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபேரர் பார்க்கில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் இறங்கி மாறி, கிழக்கு மேற்கு வழித்தடத்தின் கடைசியான துவாஸ் லிங்க் வரை போய், அங்கிருந்து கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் திரும்புகிறவனுக்கு அந்தக் காப்பிக்கடை இட்லி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட ஜூரோங்கிலிருந்தும் வரலாம். துவாஸ் என்றால் பூன் லேயும் ஜூரோங்கும், சாங்கி வணிகப் பூங்கா என்றால் சீமேயும் தெம்பனிஸும் பார்க்கத் தக்கவை. எந்த வளாகத்தில் வேலை என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே பேட்டையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இரண்டாண்டு ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது

கழக வீடுகளைக் குறைந்தது 6 மாதங்களுக்கும், தனியார் வீடுகளை 3 மாதங்களுக்கும்தான் வாடகைக்கு விடலாம் என்பதால், ஏதோ ஒரு தவணைக்குள் மாட்டிக்கொள்வது தவிர்க்க முடியாதது. இரண்டாண்டு ஒப்பந்தமாக இருந்தால் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போனாலோ நாட்டைவிட்டு மாற்றப்பட்டாலோ, வழக்கமாக 12 மாதங்கள் கழிந்தபின், இரண்டு மாத முன்னறிவிப்போடு விலக அது வழி விடுகிறது. ஓராண்டு ஒப்பந்தத்தில் பொதுவாக இந்தப் பிரிவு இருப்பதில்லை.

ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தீர்வை கட்டுவது வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு. நான்கு ஆண்டு வரையான ஒப்பந்தங்களுக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் இரண்டு ஆண்டுக்கு 72,000 வெள்ளி வாடகைக்கு 288 வெள்ளி. இதை மிச்சம் பிடிப்பவர்கள், முத்திரையிடாத ஒப்பந்தம் வழக்கென்று வந்தால் சான்றாகாது என்பதை மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறைக் குளிரூட்டியைப் (ஏசி) பராமரிக்கும் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் எழுதப்பட்டிருக்கும், ரசீதுகளை வைத்திருங்கள். குடிபுகும் அன்றே சுவர், மெத்தை, குழாய் எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுவதும் நல்லது.

"லைட் குக்கிங்" என்பதை நம் சமையல் என்று எண்ணுவது

அறை வாடகைப் பேச்சில் "லைட் குக்கிங்" மட்டும் என்றால், நூடுல்ஸும் அவித்த முட்டையும்தான் அதற்குப் பொருள். வெங்காயம் வதக்கி மிளகு அரைத்துவிடும் குழம்புக்கு அங்கே இடமில்லை. வாய்விட்டுக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஊர்க்காரர்களோடு மட்டுமே பழகுவது

டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859 முதல் அங்கே இருக்கிறது. தைப்பூசத்துக்கு அங்கு போய் நிற்கும்போது வெளிநாட்டில் இருக்கும் நினைப்பே வராது. போங்கள், கைங்கரியம் செய்யுங்கள். ஆனால் வீட்டைப் பங்கிடுபவர், கைமாற்றுக் கொடுப்பவர், வேலைக்குப் பரிந்துரைப்பவர், பெண் பார்க்கச் சொல்பவர் எல்லாரும் அதே பத்துப் பேராக இருந்தால், பாத்திரம் கழுவும் முறைக்காக வரும் சண்டை மறுநாள் காலையில் காரைக்குடிக் கொப்புடையம்மன் கோயில் வாசலில் பேசப்படும்.

அலுவலகத்தில் சீன, மலாய்ச் சகஊழியர்கள் பன்னிரண்டு மணிக்கு முன்பே உணவங்காடிக்குக் கிளம்பும்போது புதியவரையும் கூப்பிடுவார்கள். டப்பாவில் தயிர்சாதம் இருக்கிறது என்று இரண்டு முறை மறுத்தால், மூன்றாம் முறை கூப்பிடமாட்டார்கள். எந்தத் திட்டம் முடியப்போகிறது, எந்தப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த மேசையில்தான் முதலில் பேசப்படுகிறது. சைவக் கடைகள் அங்கே உண்டு. கையில் டப்பாவோடே போய் உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

சிங்கப்பூர்த் தமிழர்களோடு பழகும்போது இன்னொரு சறுக்கல். "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டால் "ஈசூன்" என்று தாங்கள் குடியிருக்கும் சிங்கப்பூர்ப் பேட்டையைச் சொல்வார்கள். "அதில்லங்க, இந்தியாவுல?" என்று தொடராதீர்கள். பாட்டன் காலத்திலிருந்தே அந்த நாட்டில் இருப்பவருக்கு அது எரிச்சலூட்டும் கேள்வி. சமூக மன்றத்துப் பூப்பந்தாட்டத்தில் சேர்ந்தால், கேட்காமலே நான்கு மாதத்தில் எல்லாக் கதையும் தெரிந்துவிடும்.

முதல் ஆண்டிலேயே ஊர்க்காரர் நடத்தும் சீட்டில் சேர்வது

சேராதீர்கள்.

இரண்டே நாள் பழக்கத்தில் காப்பிக்கு அழைக்கும் நண்பர்

காப்பீடோ சத்துமாவோ விற்க வருகிறார். காப்பிக்கான காசை நீங்களே கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.