குழந்தைப் பராமரிப்புப் பணியாளருக்கான பயிற்சிகள்: முடிப்பதும் புதுப்பிப்பதும்

குழந்தைகள் காப்பகத்தில் பணிபுரிபவரிடம் கேட்கப்படும் பயிற்சிகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கிவிடும். குழந்தைகளிடம் தனியாக விடப்படுவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை முதல் வகை. முதலுதவிச் சான்றிதழைப் போல் காலாவதி தேதி உள்ளவை இரண்டாவது. ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்குக் காட்ட வேண்டிய தொடர் கல்வி மூன்றாவது. இவை மூன்றும் வெவ்வேறு நாள்காட்டியில் ஓடுகின்றன என்பதுதான் சிக்கலே. மணிக்கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர், எல்லா மணி நேரத்தையும் முடித்த பிறகும், நடுவில் முதலுதவிச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதால் ஆய்வின்போது தகுதியற்றவராகிவிடக்கூடும்.

எனவே முதல் வேலை, உங்கள் பகுதியில் காப்பகங்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பின் விதிமுறையை நேரடியாகப் படிப்பது. சக பணியாளர் சொன்னதையோ முந்தைய காப்பகத்தில் இருந்த வழக்கத்தையோ நம்பி இருக்க வேண்டாம். விதிகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன, ஒரே இடத்திலும் திருத்தப்படுகின்றன. பயிற்சி ஆண்டு தொடங்குவது ஜனவரியிலா, நீங்கள் பணியில் சேர்ந்த நாளிலா, காப்பகத்தின் உரிமம் புதுப்பிக்கப்படும் நாளிலா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இணையவழிப் பயிற்சி எவ்வளவு ஏற்கப்படும், முதலுதவி வகுப்பின் நேரம் ஆண்டுக் கணக்கில் சேருமா, மிகுதியான மணி நேரத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாமா, பயிற்றுநர் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டுமா என்பவற்றையும் கேட்க வேண்டும். பகுதிநேரப் பணியாளர், மாற்றுப் பணியாளர், சமையலர் ஆகியோருக்குத் தனி விதி இருக்கலாம். பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

தொடக்கப் பயிற்சிகளில் அதிகக் கவனம் கோருவது முதலுதவியும், மூச்சும் இதயத்துடிப்பும் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கும் சிபிஆர் எனப்படும் உயிர்காப்பு முறையும்தான். பெரியவர்களுக்கு மட்டுமான வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கி வருபவர்கள் உண்டு. காப்பகப் பணிக்கு அது போதாது. கைக்குழந்தைக்கும் வளர்ந்த குழந்தைக்கும் செய்முறையே வேறுபடுகிறது. மார்பை அழுத்தும் ஆழம் கைக்குழந்தைக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். இரண்டுக்கும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. தொண்டையில் ஏதேனும் சிக்கி மூச்சடைத்துப்போன, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதுகில் 5 தட்டுகளும் மார்பில் 5 அழுத்தங்களும் மாறி மாறிக் கொடுக்கப்படுகின்றன. வயிற்றை அழுத்தும் முறை அந்த வயதுக்குப் பொருந்தாது, ஏனெனில் உள்ளுறுப்புகள் காயப்படலாம். இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது, பயிற்சிப் பொம்மையில் கைவைத்துச் செய்து பழக வேண்டும். திரையில் மட்டும் நடக்கும் வகுப்பைப் பல இடங்களில் ஏற்காததற்குக் காரணமும் இதுவே. சான்றிதழ் பெரும்பாலும் 2 ஆண்டுகள் செல்லும் என்றாலும் கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. ஆகவே காப்பகத்திலேயே ஒரு பயிற்சிப் பொம்மையை வைத்துக்கொண்டு இடையிடையே சில நிமிடங்கள் பழகுவது, விதி கேட்காவிட்டாலும் செய்யத்தக்கது. பன்னாட்டு உயிர்காப்பு வழிகாட்டுதல்களும் 2015, 2020, 2025 என அவ்வப்போது திருத்தப்படுவதால், பழைய குறிப்பேட்டை மட்டும் புரட்டிவிட்டுப் புதுப்பிப்பு வகுப்புக்குப் போக வேண்டாம்.

பாதுகாப்பான உறக்கம் பற்றிய பயிற்சியை அனுபவம் மிக்கவர்கள் அலட்சியமாக எடுத்துக்கொள்வதுண்டு. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, உறுதியான சமதளப் படுக்கையில், தலையணையோ தளர்வான போர்வையோ இன்றி உறங்கவைக்க வேண்டும் என்பது, பல குழந்தைகளை வளர்த்தவருக்கு அவருடைய பழக்கத்துக்கே எதிராகத் தோன்றலாம். அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்காகத்தான் பயிற்சியே. குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியிலும் இப்படி ஒரு தடை உண்டு. கொடுமை நடந்திருக்கிறது என்பதை நிரூபித்த பிறகே புகார் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நியாயமான ஐயம் எழுந்தாலே உரிய அமைப்புக்குத் தெரிவிப்பது பணியாளரின் பொறுப்பு, விசாரிப்பது அந்த அமைப்பின் வேலை. யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் தெரிவிப்பது என்பதை வகுப்பை விட்டுக் கிளம்புமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொற்றுத் தடுப்பு, மருந்து கொடுத்தல், ஒவ்வாமை, அவசர வெளியேற்றம் ஆகியவற்றையும் தொடக்கத்திலேயே முடித்துவிடலாம்.

தொடர் கல்வியில் எந்த வகுப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அருகில் கிடைக்கும் வகுப்பில் சேர்ந்து மணி நேரத்தை நிரப்புவது எளிது. ஆனால் காப்பகத்தின் சம்பவப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பயன் தரும். உங்கள் அறையில் இரண்டு வயதுக் குழந்தைகள் ஒருவரையொருவர் கடிப்பது அடிக்கடி பதிவாகியிருந்தால், மொழி வளர்ச்சியையும் உணர்ச்சிக் கட்டுப்பாட்டையும் பற்றிய வகுப்பு உங்களுக்குத் தேவை, ஏனெனில் சொல்ல வார்த்தை கிடைக்காத வயதில் கோபம் பல்லில்தான் வெளிப்படுகிறது. திரை நேரம் பற்றிப் பெற்றோர் கேட்கிறார்கள் என்றால், 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரையை விளக்கும் வகுப்பைத் தேடலாம். சென்ற ஆண்டு முடித்த அதே வகுப்பை மீண்டும் எடுத்தால் சில இடங்களில் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

மணி நேரத்தை ஆண்டு முழுவதும் பரப்பி வையுங்கள். கடைசி மாதத்தில் வகுப்புகள் நிரம்பிவிடும், காப்பகத்திலும் ஒரே நேரத்தில் பலருக்கு விடுப்பு தர முடியாது. கட்டணத்தை யார் ஏற்பது, பயிற்சி நேரம் பணி நேரமாகக் கருதப்படுமா என்பதைப் பணியில் சேரும்போதே நிர்வாகத்திடம் பேசித் தெளிவுபடுத்திக்கொள்வதில் தவறில்லை.

ஒவ்வொரு சான்றிதழிலும் உங்கள் பெயர், வகுப்பின் தலைப்பு, தேதி, மணி நேரம், பயிற்றுநரின் பெயரும் கையொப்பமும், தேவைப்படும் இடத்தில் அங்கீகார எண்ணும் இருக்கின்றனவா என்று அன்றே சரிபாருங்கள். பெயரின் எழுத்து அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். பின்னால் திருத்தி வாங்குவதற்குள் பயிற்றுநரைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலையாகிவிடும். ஒரு தாளில் எல்லாச் சான்றிதழ்களின் காலாவதி தேதியையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதத்துக்கு முன்னால் புதுப்பிப்பு வகுப்புக்குப் பதிவு செய்யும் நாளைக் குறித்துவையுங்கள். மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். காப்பகத்தின் கோப்புக்கு நகலைக் கொடுத்தால் போதும். வேறு காப்பகத்துக்கு மாறும்போது, பழைய காப்பகத்திலேயே நடந்த உள்பயிற்சிகளுக்கும் கையொப்பமிட்ட சான்றுக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் புதிய இடத்தில் உங்கள் கணக்கு அந்தத் தாள்களிலிருந்துதான் தொடங்கும்.