பழைய சிஜிசி பெட்டியில் அடைத்த காமிக்ஸ்: மதுரையில் இருந்துகொண்டு உங்கள் முதல் இதழை வாங்குவது எப்படி?

அமெரிக்காவின் சிஜிசி நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஒரு வேலையைத் தொடங்கியது. சேகரிப்பாளர் அனுப்பும் காமிக்ஸ் இதழைப் பக்கம் பக்கமாகச் சோதித்து, 0.5 முதல் 10 வரை கிரேடு (தர மதிப்பெண்) போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். பெட்டியை யாராவது திறந்தால் அடையாளம் தெரிந்துவிடும். சேகரிப்பாளர்கள் இதை 'ஸ்லாப்' என்கிறார்கள். அந்த முதல் சில ஆண்டுகளில் அடைத்த ஸ்லாப்களை மட்டும் தேடி வாங்குபவர்கள் உண்டு. இதழுக்குச் சூடும் அழுத்தமும் கொடுத்து மடிப்பையும் நெளிவையும் சமன்செய்யும் 'பிரெஸ்ஸிங்' அப்போது இன்றைய அளவுக்குப் பரவவில்லை. எனவே பழைய லேபிளில் 7.5 என்று இருந்தால், அது பெரும்பாலும் யார் கையும் சீர்செய்யாத 7.5. பெட்டியை உடைத்து, இதழை அழுத்தி, மறுபடி அனுப்பிக் கூடுதல் கிரேடு வாங்க நினைப்பவர்களும், பழைய லேபிளோடு அப்படியே வைத்துக்கொள்ள விரும்புபவர்களும் ஒரே இதழுக்குப் போட்டி போடுகிறார்கள். இந்தக் குறிப்பு இரண்டாவது வகையினருக்கு.

படி 1: பெட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெளியே தெரிவது இரண்டு பாதிகளைச் சேர்த்து மூடிய கெட்டி உறை. ஏறக்குறைய 8 அங்குல அகலம், 13 அங்குல உயரம். அதற்குள், இதழைச் சுற்றி மெல்லிய தெளிந்த பிளாஸ்டிக்கில் இன்னொரு மூடிய உறை. முன் அட்டைக்கும் பின் அட்டைக்கும் உட்பக்கமாக ஒவ்வொரு தாள் வைத்திருப்பார்கள். செய்தித்தாள் காகிதம் நாளாக ஆக வெளிவிடும் அமிலத்தை உறிஞ்சுவது அதன் வேலை.

இதழ் உள்ளுறையில் எங்கும் ஒட்டப்படவில்லை. ஓரத்தில் சிறிது இடைவெளி இருக்கும். பெட்டி குலுங்கினால் இதழும் நகர்ந்து ஓரம் மடங்கும், ஸ்டேபிள் பின் குத்திய இடத்தில் அட்டை கிழியும். கிரேடு போட்ட நாளில் இல்லாத இந்தச் சேதம் லேபிளில் எங்கும் வராது. பெட்டி காற்றுப் புகாதது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். காற்றும் ஈரமும் உள்ளே போகும், வெயிலும் போகும்.

படி 2: முதல் இதழுக்கு நடுத்தர கிரேடு எடுங்கள்

இதில் எங்கள் கருத்து உறுதியானது. 9.8-க்கும் 9.6-க்கும் இடையில் விலை பாதியாகக் குறைவது பல இதழ்களில் சாதாரணம். அந்த 0.2 வித்தியாசம், கடல் தாண்டி வரும் பயணத்தில் ஒரு மூலை மடங்கினாலே போய்விடும். 4.0 முதல் 6.0 வரையுள்ள இதழில் ஏற்கெனவே சிறு மடிப்புகள் இருக்கும், இன்னொரு மயிரளவு மடிப்பால் விலை சரியாது. 1970-களில் வந்த, பெரிதாகப் பெயர் போகாத ஒரு சாகச இதழை 5.0 அளவில் வாங்குங்கள். அதில் கண் பழகிய பிறகு மேலே போகலாம்.

படி 3: லேபிளின் நிறத்தைப் படியுங்கள்

நீலம் வழக்கமானது: பழுது பார்க்காத இதழ். ஊதா என்றால் நிறம் தீட்டியோ, ஒட்டியோ, துண்டு சேர்த்தோ சரிசெய்தது. மஞ்சள், சிஜிசி ஆள் பார்த்திருக்கப் படைப்பாளி கையெழுத்திட்டது. பச்சை, ஒரு பெரிய குறையை மட்டும் தனியாக எழுதிவிட்டு மற்றதற்குக் கிரேடு போட்டது. தொடக்க ஆண்டுகளில் புதுக்கால இதழ்களுக்குச் சிவப்பு லேபிளும் போட்டார்கள். இப்போது அது இல்லை.

பச்சையில் கவனம் வேண்டும். 1974, 1975-இல் வந்த மார்வெல் இதழ்கள் பலவற்றில் வாசகர் கடிதப் பக்கத்தில் வெட்டி எடுக்கும் முத்திரை ஒன்று அச்சானது. பிள்ளைகள் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். அட்டை பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு சதுரம் ஓட்டையாக இருக்கும். மலிவாகத் தெரிகிறதே என்று பாய்வதற்கு முன் லேபிளின் சிறு எழுத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். நீல லேபிளிலும் சிறு எழுத்து உண்டு. மிகப் பழைய இதழ்களில் துளி நிறமோ துளிப் பசையோ இருந்தால், அதைக் குறிப்பாக எழுதிவிட்டு நீலமே கொடுத்திருப்பார்கள்.

கிரேடுக்கு அருகில் காகிதத்தின் நிலையும் எழுதியிருக்கும்: வெள்ளை, சற்று மங்கிய வெள்ளை, கிரீம் என்று இறங்கிப் பழுப்பு, நொறுங்கல் வரை. மதுரை வெயிலுக்கு வரப்போகும் இதழ் கிரீமுக்குக் கீழே இருந்தால் வேண்டாம்.

படி 4: எண்ணைச் சரிபாருங்கள்

லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணை சிஜிசி இணையதளத்தில் போட்டால் இதழின் பெயர், வெளியீட்டு எண், கிரேடு, காகித நிலை, கிரேடு போட்ட நாள் வரும். ஒவ்வொன்றும் லேபிளோடு ஒத்துப்போக வேண்டும். பழைய எண்களுக்குப் பெரும்பாலும் படம் இருக்காது. அதனால் எண் சரியாக இருப்பதை மட்டும் நம்பி, பெட்டிக்குள் இருப்பது அந்த இதழ்தான் என்று முடிவுகட்ட முடியாது. அதற்குத்தான் அடுத்த படி.

படி 5: ஆறு படங்கள் கேளுங்கள்

முன்பக்கம், பின்பக்கம், நான்கு விளிம்புகள். விளிம்புப் படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

விளிம்பில் இரண்டு பாதிகளும் சேரும் கோடு ஒரே சீராக ஓட வேண்டும். வெண்மையான கீறல், நெம்பியது போன்ற பள்ளம், பசை வழிந்த மினுமினுப்பு இருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். பிறகு இதழைப் பாருங்கள். லேபிள் 9.4 என்கிறது, வலது கீழ் மூலை அரை அங்குலம் மடங்கிக் கிடக்கிறது என்றால் ஒன்று குலுங்கிய சேதம், அல்லது இதழ் மாறியிருக்கிறது. இரண்டுமே நமக்கு வேண்டாம்.

படத்தில் தெரியும் கோடு பெட்டியின் கீறலா, அட்டையின் மடிப்பா என்று குழப்பம் வரும். விற்பவரைப் பெட்டியை மெதுவாகச் சாய்த்துப் பத்து விநாடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கீறல் பிளாஸ்டிக்கின் மேல் இருப்பதால், பெட்டி சாயும்போது அட்டைப் படத்துக்கு மேலே நகர்ந்து போகும். முதலில் நாயகனின் முகத்தில் இருந்தது தோளுக்கு வரும். மடிப்பு என்றால் முகத்திலேயே நிற்கும்.

படி 6: பொதி கட்டச் சொல்லுங்கள்

விலை பேசும்போதே இதையும் பேசுங்கள். ஸ்லாப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பை, அதன் மேல் இரண்டு சுற்று பப்பிள் ராப், முன்னும் பின்னும் அட்டைப்பெட்டித் தாள், பிறகு ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 அங்குலம் மெத்தை வைத்து இன்னொரு பெட்டி. ஆட்டிப் பார்த்தால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. கூரியர் கட்டணம், சுங்கவரி எல்லாம் சேர்த்துத்தான் விலை. வாங்குமுன் கூரியர்காரரிடம் கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். வரிக்குப் பயந்து மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். அது சட்டப்படி தவறு, பொதி உடைந்து வந்தால் நஷ்டஈடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கேட்க முடியும்.

படி 7: வந்ததும் ஒரு நாள் பொறுங்கள்

குளிர்ந்த இடத்திலிருந்து வந்த பொதியைப் புழுக்கமான அறையில் உடனே பிரித்தால் பிளாஸ்டிக்கில் நீர் கோக்கும். 24 மணி நேரம் அப்படியே வையுங்கள். பிரிப்பதை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பிரித்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பெட்டியின் பக்கவாட்டிலிருந்து படுக்கையாக அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத மடிப்பெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். பின் குத்திய இரண்டு இடங்களையும் வலது ஓரத்தையும் முதலில் பாருங்கள். விற்பவரின் படத்தோடு ஒப்பிட்டு, மாற்றம் இருந்தால் அன்றே எழுதுங்கள்.

படி 8: மதுரை வீட்டில் வைக்கும் இடம்

மேல்மாடி அறை வேண்டாம். பங்குனி, சித்திரையில் கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் இறக்கும். மேற்குச் சுவரை ஒட்டியும் வேண்டாம். தரைத்தளத்தில், உள்சுவர் ஓரம், இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். மரப் பலகையைக் கரையான் விடாது.

சுவரில் மாட்டி அழகு பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தெருவில் ஒட்டிய போஸ்டரைச் சில மாதம் கழித்துப் பாருங்கள்: சிவப்பும் மஞ்சளும் போய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கும். காமிக்ஸ் அட்டைக்கும் அதே கதிதான். ஒரு நல்ல நகல் எடுத்து மாட்டுங்கள்.

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது 70-ஐத் தாண்டும். ரப்பர் விளிம்பு வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். உள் உயரம் 14 அங்குலமாவது வேண்டும், கடைக்கு அளவுநாடாவோடு போங்கள். ஸ்லாப்களைப் புத்தகம் போல நிமிர்த்தி, சாயாமல் அடுக்கி, ஈரம் உறிஞ்சும் 100 கிராம் சிலிக்கா ஜெல் பை இரண்டும், சிறிய ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே வையுங்கள். பையிலுள்ள நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வேலை முடிந்தது. 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் சூடாக்கினால் மீண்டும் நீலமாகும், மொட்டைமாடி வெயில் அதற்குப் போதாது. சமையலுக்குப் புழங்கும் ஓவனில் இதைச் செய்யாதீர்கள், நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது. கோடையில் மானி 35-க்குக் கீழே காட்டினால் பைகளை எடுத்துவிடுங்கள். மிகவும் காய்ந்த காகிதம் நொறுங்கும்.

அந்துருண்டை கூடவே கூடாது. அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கி மங்கச் செய்யும்.

1972 முதல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் இதழ்களையும் இப்படி அடைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றை அமெரிக்கா வரை அனுப்பி வாங்கும் செலவும் ஆபத்தும் தேவையில்லை. பாலிபுரோப்பிலீன் உறையும் அமிலமில்லாத பின்னட்டையும் போட்டு, இதே டப்பாவில் வையுங்கள். நமக்கு அவை எடுத்துப் படிக்க வேண்டியவை.

படி 9: ஆண்டுக்கு இரண்டு முறை

சித்திரை கழிந்ததும் ஒரு முறை, கார்த்திகை கழிந்ததும் ஒரு முறை டப்பாவைத் திறந்து, முதல் நாள் எடுத்த அதே கோணத்தில் டார்ச் அடித்துப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். வெளியுறையில் மட்டும் விரிசல் என்றால் பதறவேண்டாம், பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். பெட்டி மாற்றித் தரும்படி சிஜிசிக்கு அனுப்பினால் பழைய லேபிள் போய்ப் புதியது வரும், இரண்டு பயணம் குலுங்கவும் வேண்டும். உள்ளுறை பிரிந்திருந்தாலோ, இதழ் ஒரு பக்கமாகச் சரிந்து ஓரம் அழுந்தியிருந்தாலோ மட்டும் அனுப்புங்கள்.